ஒரு பிடி அவிச்ச மா

போன கிழமை மன்னார்ப் பட்டினத்துக் கடையொன்றில் அரிசி மாப் பைக்கற் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். பைக்கற்றின் முதுகில் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள்: குளுட்டன் அற்றது. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, மாவைப் பார்த்துச் சிரிக்கிறியள்?"

"இந்தச் சொல்லாலதான் பிள்ளை ஒருக்கா நானும் என்ர மனுசியும் பெரிய சண்டை பிடிச்சனாங்கள்."

"ஆர் வெண்டது?"

"மரவள்ளிக் கிழங்கு," என்றேன்.

முழுக்கச் சொல்லிப்போட்டுப் போங்கோ என்று அவர் கேட்டார். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் சாமான்களோடு நின்றார்கள். அதனால் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சந்தியோகு. ஊர் தாழ்வுபாடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா கடலுக்குப் போனவர். எனக்கோ வள்ளத்தில் ஏறினால் வயிற்றைக் குமட்டும். கன்னியர் மடத்துக் குசினிக்கு விறகு கொத்தப் போனவன் அங்கேயே சோறு வடிக்கப் பழகினேன். இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில் அண்டாவில் கஞ்சி காய்ச்சினேன். போர் ஓய்ந்து பாதை திறந்த பிறகு பட்டினத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் இரண்டாவது சமையல்காரனாகச் சேர்ந்தேன். போன வருசம் முழங்கால்கள் இரண்டும் சேர்ந்து போதும் என்று சொல்லும்வரை அங்கேதான் நின்றேன். நான் படித்த படிப்பு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சாகுல் நானாவிடம் படித்தது.

சாகுல் நானா விடுதியின் தலைமைச் சமையல்காரர். எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஆள். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் எத்தனையோ ஹோட்டல் குசினிகளில் நின்று, திரும்பி வந்தவர். ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரன். குசினியில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். சாதாரண நாளில் என்னைத் "தம்பி" என்பார். கதிரையில் உட்கார்ந்து "மிஸ்டர் சந்தியோகு" என்று தொடங்கினாரென்றால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

எங்கள் விடுதிக்குக் கத்தோலிக்கக் குடும்பங்களின் விருந்துகளும் வரும். சிலர் பன்றி இறைச்சி கேட்பார்கள். அதைப் பின்புறத்துத் தகரக் கொட்டிலில், தனி அடுப்பில், தனிச் சட்டியில் நான்தான் சமைப்பேன். முன் குசினிச் சட்டி, கரண்டி, அகப்பை எல்லாவற்றின் பிடியிலும் நானா பச்சை வலைநூல் சுற்றிக் கட்டியிருந்தார். பச்சை நூல் உள்ளது கொட்டிலுக்குப் போகாது. கொட்டிலில் உள்ளது முன்னுக்கு வராது. சட்டம் இவ்வளவுதான்.

சேர்ந்த முதல் கிழமையே நான் அந்தச் சட்டத்தை உடைத்தேன். அவசரத்தில் பச்சை நூல் கரண்டி ஒன்றைக் கொண்டுபோய்ப் பன்றிக் கறியைக் கிண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கொட்டில் வாசலில் நானா. கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"மிஸ்டர் சந்தியோகு, இந்தக் கரண்டி நல்ல கரண்டி."

"ஓம் நானா."

"இனி இது உங்கட கரண்டி. வீட்டை கொண்டுபோய் வடிவா வைச்சுப் பாவியுங்கோ. மனுசிக்கு என்ர அன்பளிப்பு எண்டு சொல்லுங்கோ."

பச்சை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கரண்டியை என் கையில் தந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொதி கிண்டுவது அந்தக் கரண்டியால்தான். அதற்குப் பிறகு எனக்கு ஒருநாளும் நூல் பிழைக்கவில்லை. எந்தப் பாத்திரத்தை எது தொட்டது, அதை வேறு எது தொட்டது என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு ஒரு கிறிஸ்தவப் பிள்ளையின் விருந்துக்கு உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருசம் முன்னால், ஒரு திங்கட்கிழமை, நிரோஷா என்ற பெண் விடுதிக்கு வந்தார். வங்காலைப் பிள்ளை, நோர்வேயில் குடும்பமாய் இருக்கிறார். ஒன்பது வயது மகள் எலினா பக்கத்தில் நின்றாள். வாற ஞாயிறு காலை வங்காலைக் கோவிலில் மகளுக்கு முதல் நன்மை, பூசையில் முதன்முதலாய் ஆண்டவரின் அப்பம் வாங்குகிற நாள். அன்று பின்னேரம் எங்கள் விடுதியில் அறுபது பேருக்கு விருந்து. அதைப் பேசத்தான் வந்திருந்தார்கள். எலினாவின் கையில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பெட்டி இருந்தது. கதிரையில் உட்கார்ந்தும் அதை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை.

"அண்ணை, இவளுக்குக் கோதம்பை ஆகாது. சீலியாக் எண்டு ஒரு வருத்தம். குளுட்டன், அதுதான் கோதம்பையில இருக்கிற பசை, உள்ளது ஒண்டும் குடுக்க ஏலாது."

"அதுக்கென்ன பிள்ளை. பாண் குடுக்காமல் விடுவம்."

"பாண் மட்டும் இல்லை அண்ணை. ஒரு துகள் பட்டாலும் காணும்."

"பட்டால் என்ன செய்யும்?"

இதற்கு எலினாவே பதில் சொன்னாள். "சத்தி எடுப்பன் அங்கிள், வயித்தில ஒண்டும் தங்காது. பிறகு மூண்டு நாள் எழும்ப மாட்டன்." நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

சோறும் கறியும் பிரச்சினையில்லை. பிரச்சினை அதற்கு முன்னால் வருகிறதில்தான். எங்கள் பக்கத்து விருந்தில், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் தட்டுகளில் சோட்டீஸ் என்கிற சின்னத் தீனிகள் சுற்றிவரும். றோல்ஸ், பற்றிஸ், கட்லற். ஒரு தட்டுப் போக மற்றத் தட்டு வரவேண்டும். கதையும் சிரிப்பும் அதோடுதான் தொடங்கும். றோல்ஸையும் பற்றிஸையும் மடிப்பது கோதுமை மாவில், கட்லற்றைப் பிரட்டுவது றஸ்க் தூளில்.

"மற்றாக்களுக்கு வழமைபோலச் செய்யுங்கோ," என்றார் நிரோஷா. "இவளுக்கு மட்டும் தனிய ஒரு கோப்பையில வையுங்கோ."

"இல்லாட்டியும் பரவாயில்லை," என்று எலினா பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே அரிசி பிஸ்கற் நாலு, ஆப்பிள் துண்டு கொஞ்சம். பிறந்தநாள் வீடு, பள்ளிக்கூடச் சுற்றுலா, கலியாண வீடு, எங்கே போனாலும் அந்தப் பெட்டியும் போகுமாம். மற்றவர்கள் தட்டைச் சுற்றி நிற்கும்போது இவள் ஒரு மூலையில் பெட்டியைத் திறப்பாளாம். தாய் இதைச் சொல்லும்போது பிள்ளை பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நிரோஷா நாலு பக்கத்தில் எழுதித் தந்த ஆகாத சாமான் பட்டியலை நானாவும் நானும் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தோம். அடுத்த நாள் குசினி அலுமாரியில் இருந்த ஒவ்வொரு போத்தலையும் தகரத்தையும் திருப்பித் திருப்பி வாசித்தோம். சோயா சோஸில் கோதுமை. சரி, அதை விடலாம். கட்டிப் பெருங்காயத் தகரத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்: கோதுமை மா.

"நானா, இவ்வளவு காலமும் வடைக்குப் பெருங்காயம் எண்டு போட்டது கோதம்பை மாவையோ?"

"நாங்கள் மட்டுமோ தம்பி? முழு மன்னாரும்," என்றார்.

புதன்கிழமை வங்காலைப் பங்குச் சுவாமி விருந்தினரோடு மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்தார். அவர் கை கழுவ வந்த இடத்தில் நான் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமையில் இருந்து அந்த யோசனை என்னைத் தூங்கவிடவில்லை.

"சுவாமி, ஒரு சந்தேகம். நன்மை அப்பமும் கோதம்பை மா தானே? அந்த எலினாப் பிள்ளை எப்பிடி நன்மை எடுக்கிறது?"

"அவளுக்குத் தனிக் கிண்ணம் வைச்சிருக்கிறன் சந்தியோகு. திராட்சை இரசம் மட்டும் குடுப்பன்."

"அப்ப பாதி நன்மையோ சுவாமி?"

சுவாமி சிரித்தார். "நன்மையில பாதி எண்டு ஒண்டில்லை. அப்பத்திலயும் ஆண்டவர் முழுசா, கிண்ணத்திலயும் முழுசா. பிள்ளைக்கு ஒண்டும் குறையாது."

மாலையில் சைக்கிளில் தாழ்வுபாட்டுக்குப் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு போனேன். சுவாமிக்கு வேறு வழியில்லை. அப்பம் கோதுமையில்தான் இருக்கவேண்டும் என்பது திருச்சபை முறை. அப்படியிருந்தும் பிள்ளைக்கு ஒன்றும் குறையாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார். என்னுடைய மேசைக்கு யார் அப்படி முறை வைத்தது? விருந்தென்றால் றோல்ஸ் சுடவேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? அவளுக்குத் தனிக் கோப்பை வைத்தால் அதுவும் அந்த நீலப் பெட்டிதான், பீங்கானில் செய்த நீலப் பெட்டி.

அடுத்த நாள் காலையில் நானாவிடம் சொன்னேன்.

"நானா, தனிக் கோப்பை வேண்டாம். எல்லாத் தட்டையும் அவள் தின்னக்கூடிய மாதிரிச் செய்வம்."

நானா கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அறுபது பேருக்கும்?"

"ஓம் நானா."

"கோதம்பை ஒரு துகளும் இல்லாமல்?"

"ஓம்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அலுமாரியில பச்சை நூல் எவ்வளவு கிடக்கெண்டு பார் தம்பி," என்றார். 'தம்பி' என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று நாள் குசினியில் நடந்ததை எழுதுகிறேன். இப்போது வேலை செய்கிறவர்களுக்கு உதவும். மர அகப்பை, மரப் பலகை எல்லாவற்றையும் ஒதுக்கினோம். "மரம் குடிக்கும், துப்பாது," என்றார் நானா. அரிதட்டின் கண்ணுக்குள் இருக்கும் மாவை எந்தத் தண்ணீராலும் எடுக்க முடியாது, புதிது வாங்கினோம். அலுமினியச் சட்டிகளை மூன்று தரம் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, இரண்டாவது பச்சை நூல் கட்டினோம். இரட்டை நூல் என்றால் எலினாவின் சட்டி. றோல்ஸ் பொரித்த எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்; புது எண்ணெய். வெள்ளி, சனி இரண்டு நாளும் குசினிக்குள் பாண் வரக்கூடாது என்று நானா கட்டளை போட்டார். விடுதி முதலாளியே வாசலில் நின்றுதான் பாண் சாப்பிட்டார்.

நாலு தட்டு என்று தீர்மானித்தோம். றஸ்க் தூளுக்குப் பதிலாக அவலை இடித்துப் பிரட்டிப் பொரித்த மீன் கட்லற். பெருங்காயம் போடாத, வாய்க்குள் ஒரே தரத்தில் போடக்கூடிய உளுந்து வடை. சோயா சோஸ் இல்லாமல் புளியும் மிளகும் போட்டுப் பிரட்டி ஈர்க்கில் கோத்த இறால். நாலாவது என் பெருமை: குருவிக் கூடு அளவில் சின்னச் சின்ன இடியப்பம், நடுவில் ஒரு கரண்டி நண்டுப் பிரட்டல்.

இடியப்பத்துக்கு மா வேண்டும். ஆலையில் எல்லாருடைய தானியமும் ஒரே கல்லில் அரைபடும், அது சரிவராது. ஆகவே என் மனைவி றீற்றாவிடம் கேட்டேன். றீற்றாவின் இடியப்பம் தாழ்வுபாட்டில் பேர்போனது. பஞ்சு மாதிரி இருக்கும்.

"றீற்றா, சனிக்கிழமை கல்லுரலைக் கழுவி எனக்கு நாலு கிலோ அரிசி மா இடிச்சு வறுத்துத் தாரும். அரிசி மா மட்டும். வருத்தக்காரப் பிள்ளைக்கு."

"எனக்குச் சொல்லித் தரவேண்டாம்," என்றாள்.

ஞாயிறு காலை வங்காலைக் கோவிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் பூசைக்குப் போனோம். வெள்ளை உடுப்பும் பூமுடியுமாய்ப் பிள்ளைகள் வரிசையாய்ப் போய் நாக்கை நீட்டி நன்மை வாங்கினார்கள். எலினாவின் முறை வந்தபோது சுவாமி திரும்பிச் சின்னக் கிண்ணத்தை எடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். எனக்குக் கண் கலங்கியது. ஆண்டவரே, பின்னேரம் என் மேசையிலும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் குறையக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

பூசை முடிந்து நேரே குசினிக்கு வந்தோம். பதினொன்றரைக்குள் முப்பது இடியப்பக் கூடு அவித்து இறக்கிவிட்டேன். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். கரைந்தது.

"றீற்றா, உம்மட மா இண்டைக்குச் சோக்கு. இவ்வளவு மெதுவா நான் கண்டதேயில்லை."

றீற்றா சந்தோசத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பிறகு? சின்னப் பிள்ளை தின்னுறதெல்லோ. அதான் வழமையாப் போடுறதைவிட ஒரு பிடி கூடப் போட்டனான்."

"என்னத்தை ஒரு பிடி?"

"அவிச்ச மா."

இதை வாசிக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, உடைத்து, அரித்து எடுப்பதுதான் அவிச்ச மா. நிவாரணத்துக்குக் கோதுமை மா மூட்டை மூட்டையாய் வந்த காலத்தில், இருக்கிற கொஞ்ச அரிசி மாவோடு அதைக் கலந்து இடியப்பமும் பிட்டும் அவித்தார்கள். பிறகு அரிசி தாராளமாய்க் கிடைத்தபோதும் அந்தப் பிடி நிற்கவில்லை. மா மெதுவாய் இருக்கும், பிசையும்போது உடையாது. எங்கள் வீடுகளில் "அரிசி மா" என்று சொன்னால் அதற்குள் அந்த ஒரு பிடியும் அடக்கம். யாரும் அதைத் தனியாய்ச் சொல்வதில்லை. உப்புப் போட்டேன் என்று யாராவது சொல்வார்களா?

நான் கையில் இருந்த இடியப்ப உரலைக் கீழே வைத்தேன். "அரிசி மா மட்டும் எண்டு சொன்னனான் எல்லோ!" என்று கத்தினேன். அந்தக் குசினியில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

"அரிசி மாதான் தந்தனான்!"

"அவிச்ச மா கோதம்பை மா இல்லையோ?"

றீற்றாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் விடவில்லை. "இவ்வளவு வருசமும் நீங்கள் திண்டது என்ன மா எண்டு நினைச்சியள்? ஒருநாளாவது கேட்டனீங்களோ? சமையல்காரன் எல்லோ நீங்கள்!"

அவள் சொன்னது சரி. பெருங்காயத் தகரத்தைத் திருப்பிப் பார்த்தவன், என் சொந்த வீட்டு மாத் தகரத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பிழை அவள் கையில் இல்லை, என் வாயில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் மூலையில் நின்று அழத் தொடங்கினாள்.

நானா கதிரையை இழுத்தார்.

"மிஸ்டர் சந்தியோகு. இந்த மா எதை எதைத் தொட்டது?"

எண்ணிச் சொன்னேன். ஆவிச் சட்டி, இடியப்ப உரல், புதுப் பிரம்பு இடியப்பத் தட்டு முப்பது, பெரிய மேசை, என் கை, என் சேட், றீற்றாவின் சீலை. நண்டு இன்னும் அடுப்பேறவில்லை. கட்லற் நேற்றே பிரட்டி மூடி மற்ற அறையில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிறது. உளுந்தும் இறாலும் அங்கேதான்.

"அப்ப மூண்டு தட்டு இன்னும் உசிரோட இருக்கு," என்றார். "போய்த் தாய்க்குச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ, கழுவுவம்."

"நானா, இதை எறிஞ்சுபோட்டு வேற செய்தால் காணாதோ? ஏன் வீணா அந்தப் பிள்ளையைப் பயப்படுத்துவான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

நிரோஷா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சரி அண்ணை. பரவாயில்லை. நான் அவளுக்குப் பெட்டியில போட்டுக்கொண்டு வாறன்."

எத்தனை இடத்தில் எத்தனை பேரிடம் இந்தப் "பரவாயில்லை"யைச் சொல்லிப் பழகியிருப்பார் அந்தத் தாய்!

"பிள்ளை," என்றேன், "அஞ்சு மணி மட்டும் பொறுங்கோ. வந்து குசினியை உங்கட கண்ணால பாருங்கோ. மனம் ஏற்காட்டிப் பெட்டியைத் திறவுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

திரும்பி வந்து முதலில் றீற்றாவிடம் போனேன். "என்ர பிழை. நான் சொன்ன சொல்லுப் பிழை," என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு தேங்காய்ப் பொச்சை எடுத்துக்கொண்டு மேசையைத் தேய்க்கத் தொடங்கினாள். நானா விடவில்லை.

"முதல்ல எல்லாரும் கிணத்தடிக்குப் போய்க் குளிச்சு வேற உடுப்பு மாத்துங்கோ. பிறகு மேசை. சட்டியை மட்டும் கழுவினாக் காணாது. இண்டைக்கு நாங்களும் சட்டிதான்."

அப்படிக் குளித்துவிட்டு வந்து தேய்த்தோம். தேய்த்ததைத் திரும்பத் தேய்த்தோம். பிரம்புத் தட்டுகளைக் கழுவ முடியாது, கொட்டிலுக்கு அனுப்பினோம். இடியப்பம் அதோடு முடிந்தது. இனி நண்டை எதன்மேல் வைப்பது? எந்த மாவையும் இனி நம்ப எனக்குத் துணிவில்லை.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். நானா எப்போது போனார் என்று தெரியாது. எருக்கலம்பிட்டியில் தன் வளவில் நின்ற மரவள்ளியில் ஆறு மரத்தை வேரோடு பிடுங்கி, மண்ணும் இலையுமாய்ப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நெற்றியெல்லாம் புழுதி.

"இதை ஆரும் ஆலையில அரைக்கேல்லை, ஆரும் அவிச்ச மா கலக்கேல்லை," என்றார். "அல்லாஹ் மண்ணுக்குள்ள மூடி வைச்சுத் தந்தது. மேல் தோலும் போட்டுத் தந்திருக்கிறான்."

கிழங்கை உரித்து, இரண்டு விரல் தடிப்பில் வட்டம் வட்டமாய் வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்தோம். ஆறவிட்டு நடுவைக் கரண்டியால் கொஞ்சம் குடைந்து, புது எண்ணெயில் பொரித்தோம். வெளியே மொறுமொறு, உள்ளே மெழுகு. குடைந்த குழியில் நண்டு. அம்மியடியில் நண்டுக்கென்று நான் இஞ்சி நறுக்கி வைத்திருந்ததை நானா கண்டார்.

"இஞ்சியோ! மரவள்ளியோட இஞ்சியோ?"

எங்கள் பக்கத்தில் யாரும் அந்த இரண்டையும் சேர்க்கமாட்டார்கள், நஞ்சாகும் என்பார்கள். இஞ்சியை எடுத்து வெளியே எறிந்துவிட்டுத் திரும்பினால், குடிக்கக் கொடுப்பதற்கென்று வாசலில் மூன்று பெட்டி இஞ்சிச் சோடா! நானும் நானாவும் ஆளை ஆள் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் றீற்றாவும் சிரித்துவிட்டாள். சோடாப் பெட்டிகளைக் குசினியின் கடைசி மேசைக்கு அடியில் தள்ளி மூடிவிட்டு, தோடம்பழச் சோடா எடுப்பித்தோம்.

ஐந்து மணிக்கு நிரோஷா வந்தார். பின்னால் எலினா, வெள்ளை உடுப்போடு, கையில் நீலப் பெட்டி. நிரோஷா ஒவ்வொரு சட்டியாய்ப் பார்த்தார். அவல் பைக்கற்றை வாசித்தார். எண்ணெய்ப் போத்தலை வாசித்தார். இரட்டைப் பச்சை நூலைத் தொட்டுப் பார்த்து, என்ன என்று கேட்டார், சொன்னேன். பிறகு றீற்றாவிடம் திரும்பினார்.

"அக்கா, இந்த மரவள்ளிக்கு என்ன போட்டனீங்கள்?"

றீற்றா கோவிலில் சத்தியம் பண்ணுகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். "உப்புப் பிள்ளை. உப்பு மட்டும். அதுவும் கையால போடேல்லை. கரண்டியால."

நிரோஷா ஒரு வட்டத்தை எடுத்துக் கடித்தார். மெல்ல நேரம் எடுத்தது. பிறகு மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எலினா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதுக்குக் கை நீட்ட, "விருந்தாக்களுக்கும் வையும்," என்றார் தாய்.

பட்டினத்துக் கோவிலில் மாலை மணி அடித்தது. நானா மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். ஆட்கள் வந்து தோட்டத்துக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நிரோஷாவின் மாமன் சூசை, எழுபத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம், முன்வரிசையில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தியோகு, றோல்ஸ் எங்க காணும்?"

"இண்டைக்கு றோல்ஸ் இல்லை ஐயா."

"றோல்ஸ் இல்லையோ? பற்றிஸ்?"

"அதுவும் இல்லை."

"என்ன இது, விருந்தோ தவக்காலமோ?" முழுத் தோட்டமும் சிரித்தது. பிறகு அவர் தட்டைப் பார்த்தார். "மரவள்ளி! இதைத்தானே முகாமில மூண்டு நேரமும் திண்டனாங்கள்!"

"முகாமில நண்டு வைச்சுத் தந்தவையோ ஐயா?" என்று றீற்றா கேட்டாள்.

சூசை ஐயா ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். அதற்குப் பிறகு றோல்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழோ எட்டோ சாப்பிட்டிருப்பார். தட்டைக் கொண்டுவந்தவரின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

அந்த நேரம் எலினா என்னிடம் வந்தாள். "அங்கிள், நான் ஒரு தட்டுக் கொண்டு போகட்டோ? நான் ஒருநாளும் குடுத்ததில்லை."

நான் பெரிய தட்டில் நாலு வகையையும் அடுக்கிக் கொடுத்தேன். பூமுடி சரிந்திருக்க, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆள் ஆளாய்ப் போனாள். எல்லோருக்கும் கொடுத்து, இடையில் தானும் ஒன்று எடுத்து, வாயில் போட்டபடியே அடுத்த ஆளிடம் போனாள். சூசை ஐயாவுக்கு யாரோ அவளுடைய வருத்தத்தைச் சொல்லியிருக்கவேண்டும். அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பொறு பிள்ளை. இதில உமக்குரியது எது? தெரியாமல் எடுத்துப்போடுவன்."

எலினா தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். காது மந்தமானவருக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாய்ச் சொன்னாள்:

"எல்லாம்!"

நானா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஆனால் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. துகள் என்றால் கண்ணுக்குத் தெரியுமா? திங்கள் காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது தொலைபேசி அடித்தது. நிரோஷா. றீற்றா செபமாலையை எடுத்துவிட்டாள்.

"அண்ணை, எலினான்ர பெட்டி உங்கட குசினியில கிடக்கோ?"

"பிள்ளைக்கு எப்பிடி? அதை முதல்ல சொல்லுங்கோ!"

"அவளோ? விடியவே எழும்பிப் பசிக்குது எண்டு நிக்கிறாள். ஒண்டுமில்லை அண்ணை, நல்லா இருக்கிறாள். பெட்டியைத்தான் காணேல்லை." பிறகு சொன்னார்: "அவள் அதை எங்கயும் விட்டிட்டு வந்ததேயில்லை அண்ணை. இதுதான் முதல்தரம் மறந்தது."

விடுதிக்குப் போய்த் தேடினேன். கடைசி மேசைக்கு அடியில், இஞ்சிச் சோடாப் பெட்டிகளின் மேல் இருந்தது. மூடி திறக்கவேயில்லை. நாலு அரிசி பிஸ்கற்றும் அப்படியே இருந்தன.

அன்று மாலை நானும் றீற்றாவும் வீட்டில் முழங்காலில் நின்றோம். ஒரு பிள்ளை தன் பெட்டியை மறந்துபோனதற்கு நன்றி சொல்ல எந்தச் செபப் புத்தகத்திலும் செபம் இல்லை. ஆகவே பரலோக மந்திரத்தைச் சொன்னேன். அனுதின அப்பத்தைக் கேட்கிற இடத்துக்கு வந்தபோது றீற்றா என் முழங்கையில் இடித்தாள்.

"என்ன மாவில எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றாள்.